எட்டரை மணி மழையும் ஒரு கப்பல் கேப்டனும்

இருபத்தோரு வருடம் காலை எட்டரை மணி என்றால் எனக்கு ஒரே வேலைதான். தாலுகா ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால், வேப்ப மரத்தின் நிழல் எட்டாத தூரத்தில், முள்கம்பி வேலிக்குள் ஒரு சிமெண்டுத் திட்டு. அதன் மேல் மழைமானி. வேலிக் கதவுக்குப் பூட்டு கிடையாது, கம்பியை முறுக்கி விட்டிருப்போம். ஆடு உள்ளே போகாமல் இருந்தால் போதும். கம்பியைப் பிரித்து, குனிந்து, மேல்பகுதியைக் கழற்றினால் உள்ளே ஒரு பாட்டில். அதில் இருக்கும் தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்ற வேண்டும். ஊற்றிய கையோடு படித்துவிடக் கூடாது. ஜாடியைச் சமமான இடத்தில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் ஏறியும் நடுவில் பள்ளமாகவும் நிற்கும் பாருங்கள், அந்தப் பள்ளத்தின் அடி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஓரத்தைப் பார்த்து எழுதினால் மழை கூடிவிடும்.

எழுதிய எண்ணைக் கலெக்டர் ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். மறுநாள் பேப்பரில் "மதுரை மாவட்டத்தில் பெய்த மழையளவு" என்று வருமே, மேலூர் இவ்வளவு, தல்லாகுளம் இவ்வளவு, சோழவந்தான், உசிலம்பட்டி, பேரையூர், எழுமலை என்று, அந்த வரிசையில் ஒரு எண் நான் குனிந்து பார்த்தது. நேற்று எட்டரை முதல் இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய கணக்கு. சேர்ந்த புதிதில், ஏன் எட்டரை, ஒன்பது என்றால் ஆகாதா என்று ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். "அது அப்படித்தான்யா" என்றார். நம் எட்டரை மணி கிரீனிச்சில் அதிகாலை மூன்று மணி, உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் ஒரே கணத்தில் கருவிகளைப் பார்க்கும் நேரங்களில் அது ஒன்று என்று நான் தெரிந்துகொண்டது ரிட்டயர் ஆன பிறகு.

இந்தப் பதிவு ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்கிற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியைப் பற்றியது. மழைமானியில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தினமும் காலையில் டீக்கடைக்குப் போகும் வழியில் அவர் வேலியோரம் வந்து நிற்பார். எழுபது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. "எத்தனை தம்பி?" என்பார். "பன்னெண்டு" என்றால் ஒரு தலையாட்டு, "ஒண்ணுமில்லைய்யா" என்றால் ஒரு தலையாட்டு. ஒரு தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும், வேறு ஒன்று கேட்டார். "நாளைக்கு அறுப்புக்கு ஆள் சொல்லலாமா தம்பி? மழை கிழை இருக்குமா?"

வானத்தைப் பார்த்தேன். கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது சர்வீஸ் எட்டு வருடம், மழை விஷயம் எனக்குத் தெரியும் என்கிற எண்ணம் வந்திருந்தது. "கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லைன்னு நீங்கதானய்யா சொல்லுவீங்க. தாராளமா அறுங்க" என்றேன்.

மறுநாள் ஒன்றே கால் ஏக்கரையும் அறுத்து அரி போட்டார்கள். அன்று ராத்திரி பத்து மணிக்குப் பிடித்தது. விடியற்காலை வரை விடவில்லை. காலையில் மழைமானியைத் திறந்தபோது பாட்டில் நிரம்பியிருந்தது. ஜாடி ஜாடியாக ஊற்றிக் கூட்டினேன். 62 மி.மீ. நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் நின்றார்.

"எத்தனை தம்பி?"

"அறுபத்திரெண்டுய்யா."

"சரியா எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது. அரி நெல் தண்ணீரில் கிடந்து மூன்றாம் நாள் முளை விட்டதை நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கதிரிலும் பச்சை மயிர் மாதிரி முளை. அதன் பிறகு அவர் வழக்கம்போல் வந்து "எத்தனை" என்று கேட்டார், "நாளைக்கு" என்று மட்டும் கேட்கவே இல்லை. வேறு யார் கேட்டாலும் நானும் ஒரே பதில்தான் சொன்னேன்: "பெய்ஞ்சதை அளக்குறதுதான் என் வேலை. பெய்யப் போறது எனக்குத் தெரியாது."

பதின்மூன்று வருடம் இப்படியே சொல்லி ரிட்டயர் ஆனேன்.

எங்கள் பழைய இருப்புப் பதிவேட்டில் அந்தக் கருவிக்கு "சைமன்ஸ் மழைமானி" என்று பெயர் எழுதியிருக்கும். சைமன்ஸ் ஏதோ கம்பெனி என்று நினைத்திருந்தேன். மகள் வாங்கிக் கொடுத்த போனில் ஒரு நாள் தேடிப் பார்த்தால், அது ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்ற மனிதர். இங்கிலாந்து முழுக்கச் சாதாரண ஜனங்களை வைத்து மழை அளக்க வைத்தவர். இளம் வயதில் அவர் லண்டனில் ஒரு சின்ன வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறார். அந்த அலுவலகத்தின் தலைவர் அட்மிரல் ஃபிட்ஸ்ராய். எனக்கு மேலதிகாரியின் மேலதிகாரி கிடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் என்று மரியாதையோடு ஒரு பெயர் சொன்னால் அது பென்னிகுவிக்தான். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ராணுவப் பொறியாளர், அவர் திருப்பிவிட்ட தண்ணீரைத்தான் வைகைக் கரையில் குடிக்கிறோம். ஃபிட்ஸ்ராய் இந்தப் பக்கம் வந்தவர் இல்லை. ஆனாலும் அவர் கண்டுபிடித்த ஒன்றின் பெயரை மதுரையில் ரேடியோ கேட்டு வளர்ந்த ஒவ்வொருவரும் நூறு தடவை கேட்டிருப்போம். அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

ஃபிட்ஸ்ராய் 1805 ஜூலை 5-ம் தேதி இங்கிலாந்தின் சஃபோக்கில் பிறந்தார். ராஜ வம்சத்து ரத்தம், இரண்டாம் சார்லஸ் மன்னரின் வழியில் வந்த டியூக் குடும்பம். 12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார், அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. 1828-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் அளவெடுத்துக்கொண்டிருந்த பீகிள் என்ற கப்பலின் கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், அந்தக் குளிரும் தனிமையும் தாங்காமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அந்த இடத்துக்கு ஃபிட்ஸ்ராயை நியமித்தார்கள். வயது 23.

பொறுப்பேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1829 ஜனவரிக் கடைசியில், பிளாட்டா ஆறு கடலில் சேரும் இடத்தில் கப்பல் நின்றது. அந்தப் பக்கத்துப் புல்வெளியிலிருந்து பம்பெரோ என்று ஒரு காற்று திடீரென்று பாய்ந்து வரும். அன்று காற்றழுத்தமானி இறங்கியிருந்தது, பெருங்காற்று வரப் போவதன் அடையாளம். இறங்குகிறது என்று கருவி சொல்லியும் இளம் கேப்டன் அதற்குத் தக்கபடி பாயைச் சுருக்கவில்லை. காற்று வந்து விழுந்ததில் பாய்மர உச்சிகள் முறிந்தன, மேலே நின்ற இரண்டு மாலுமிகள் கடலில் போனார்கள். கப்பல் தப்பியது. அந்த இரண்டு பேருக்குத் தானே காரணம் என்று ஃபிட்ஸ்ராய் கடைசிவரை மறக்கவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். என் 62 மில்லிமீட்டருக்கு நெல்தான் போனது, உயிர் போகவில்லை. இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனால் ஒருவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. நான் அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். அவர் காற்றழுத்தமானியை உயிரைப் போல் நம்ப ஆரம்பித்தார்.

1831 டிசம்பர் 27-ம் தேதி பீகிள் மறுபடி புறப்பட்டது. ஃபிட்ஸ்ராயின் தாய்மாமன் காசல்ரே பிரபு 1822-ல் தற்கொலை செய்துகொண்டவர். முந்தைய கேப்டனின் முடிவும் கண் முன்னால் இருக்கிறது. தனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில், சமமாக உட்கார்ந்து பேசிச் சாப்பிட ஒரு துணை வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் கேட்டார். அப்படி வந்தவர்தான் 22 வயது சார்லஸ் டார்வின். முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்லும் சாத்திரத்தில் கேப்டனுக்கு நம்பிக்கை. இந்த மூக்கை வைத்துக்கொண்டு இவர் கடல் பயணத்தைத் தாங்குவாரா என்று தயங்கினாராம். தாங்கினார். ஐந்து வருடம்.

கேப்டனுக்குக் கோபம் அதிகம், அதுவும் காலையில். பணி மாறும்போது இளைய அதிகாரிகள் ஒருவரையொருவர் "இன்று சூடான காபி நிறைய ஊற்றினாரா?" என்று கேட்டுக்கொள்வார்களாம். பிரேசிலில் அடிமை முறையைப் பற்றி டார்வினோடு பெரிய வாக்குவாதம் வந்து, இனி ஒரே மேஜையில் சாப்பிட முடியாது என்கிற அளவுக்குப் போனது. சில மணி நேரத்தில் கேப்டனே மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்த விஷயத்தில் டார்வின் பக்கம்தான் நியாயம் இருந்தது.

அவருடைய வேலைச் சுத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. 22 கடிகாரங்கள் கப்பலில் ஏற்றினார். கடலில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கக் கிரீனிச் நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும், அதற்கு. அரசாங்கம் கொடுத்தது பாதிதான், ஆறு கடிகாரம் அவர் சொந்தக் காசு. மரத்தூள் பரப்பிய பெட்டிகளில், ஆட்டம் குறைவாக இருக்கும் இடத்தில் அவற்றை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி 1836 அக்டோபர் 2-ம் தேதி ஃபால்மவுத்தில் வந்து இறங்கினார். சுற்றி வந்த எல்லா இடங்களின் நேர வித்தியாசத்தையும் கூட்டினால் சரியாக 24 மணி நேரம் வர வேண்டும். அவர் கணக்கில் பிசகு 33 நொடி. ஐந்து வருடம், புயலும் மழையும், 33 நொடி! அவர் வரைந்த கரையோர வரைபடங்களை வைத்து அதன் பிறகு பல தலைமுறை மாலுமிகள் கப்பல் ஓட்டினார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அட்வென்ச்சர் என்ற இன்னொரு கப்பலையும் சொந்தக் காசில் வாங்கினார். கடற்படைத் தலைமை பணம் தர மறுத்து, விற்கச் சொல்லிவிட்டது. 1834-ல் வால்பரைசோ துறைமுகத்தில் மனம் உடைந்து பதவியையே விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தார். உடன் இருந்தவர்கள் தேற்றித் திரும்ப வைத்தார்கள்.

அவர் செய்த தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். முதல் பயணத்தில், 1830-ல், தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவுகளான டியர்ரா டெல் ஃபுவேகோவின் மக்கள் கப்பலின் படகு ஒன்றைத் தூக்கிப் போய்விட்டார்கள் என்று அவர்களில் சிலரைப் பிடித்து வைத்தார். நான்கு பேரை இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். அதில் ஒரு சிறுமிக்கு ஒன்பது வயதுதான். ஒரு பையனை ஒரு முத்துச்சிப்பிப் பொத்தானுக்கு வாங்கியதாகச் சொல்லி ஜெமி பட்டன் என்றே பெயர் வைத்தார்கள். ஒருவர் அம்மை போட்டு அங்கேயே இறந்தார். மற்ற மூவரையும் தன் செலவில் படிக்க வைத்தார், ராஜா ராணியைப் பார்க்க வைத்தார், 1833-ல் திரும்பக் கொண்டுபோய் விட்டார். நல்லது செய்வதாகத்தான் அவர் நம்பியிருக்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து கடல் கடந்து கொண்டுபோவதில் என்ன நல்லது இருக்க முடியும்? எனக்கு இதில் சமாதானம் இல்லை.

பிறகு கொஞ்ச நாள் பாராளுமன்ற உறுப்பினர். 1843 கடைசியில் நியூசிலாந்து கவர்னர். அங்கே வைராவ் என்ற இடத்தில் நிலத்தகராறு முற்றி மாவோரிகளும் வெள்ளைக்காரர்களும் மோதி உயிர்ச்சேதம் ஆகியிருந்தது. விசாரித்துவிட்டு, தப்பு நம்மவர்கள் பக்கம்தான் என்று சொன்னார். குடியேறிகள் கொதித்தார்கள். கஜானாவில் காசும் இல்லை. இரண்டு வருடத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

1854-ல் அவருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். வர்த்தக வாரியத்தில் வானிலைப் புள்ளிவிவரப் பிரிவு. கப்பல் கேப்டன்களுக்குக் கருவிகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிவரும் காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெய்ததை எழுதுகிற வேலை. கிட்டத்தட்ட என் வேலை. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவ்வளவோடு நின்றிருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

அவரால் நிற்க முடியவில்லை. ஏழை மீனவ ஊர்களின் கரையில் காற்றழுத்தமானிகளை வைக்க ஏற்பாடு செய்தார். கடலுக்குப் போகும் முன் யாரும் வந்து பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மனதில் வைத்துக்கொள்ள எதுகையோடு சின்னச் சின்ன வரிகள் எழுதிக் கொடுத்தார். நம் ஊரில் "முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை" என்று எறும்பைப் பார்த்துச் சொல்கிறோமே, அந்த மாதிரி. "அந்தி மழை அழுதாலும் விடாது" என்று சொன்ன நம் பாட்டிகளுக்கும் அவருக்கும் பேச நிறைய இருந்திருக்கும்.

பிறகு 1859 அக்டோபர் வந்தது. மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் வருடக்கணக்கில் பாடுபட்டவர்கள், சம்பாதித்த தங்கத்தோடு குடும்பம் குடும்பமாக வீடு திரும்பினார்கள். பாதி உலகத்தைக் கடந்தாயிற்று, வீட்டுக்கு ஒரு நாள் தூரம். 25-ம் தேதி இரவு புயல் பிடித்து, 26 விடியலில் ஆங்கிள்சி தீவின் பாறைகளில் கப்பல் மோதி உடைந்தது. கரை கண்ணுக்கு முன்னால். 450-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 40 பேர் அளவுக்குத்தான். அதே புயலில் வேறு கப்பல்களும் நூற்றுக்கு மேல் போயின.

ஃபிட்ஸ்ராய் உட்கார்ந்து, அந்த நாட்களில் ஒவ்வொரு ஊரிலும் அழுத்தம் எவ்வளவு, காற்று எந்தத் திசை என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். புயல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து வந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. புயல் நடக்கும் வேகத்தைவிடத் தந்தி வேகமாகப் போகும். அப்படியென்றால் அடி வாங்கிய ஊர், அடுத்து அடி வாங்கப் போகும் ஊருக்குச் சொல்லலாமே! இன்றைக்கு இது நமக்குச் சாதாரணம். அன்றைக்குப் புதுசு. 15 இடங்களிலிருந்து தினமும் காலையில் தந்தி வரும்படி செய்து, 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பித்தார்.

தந்தி துறைமுகத்துக்கு வந்துவிடும். கடலில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் வளையத்தில் கித்தான் இழுத்துக் கட்டிய கூம்பும் உருளையும் செய்து கொடிமரத்தில் ஏற்றச் சொன்னார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கூம்பு முக்கோணமாகத் தெரியும், உருளை சதுரமாகத் தெரியும். கூம்பின் முனை மேலே என்றால் வடக்கிலிருந்து காற்று, கீழே என்றால் தெற்கிலிருந்து. உருளையும் கூம்பும் சேர்ந்து ஏறினால் பெரிய ஆபத்து. ராத்திரியில் அதே வடிவத்தில் விளக்குகள்.

இப்போது தெரிந்திருக்கும். "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." அந்தக் கூண்டுதான். சின்ன வயதில் நான் அதைப் புலிக்கூண்டு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். எதைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

என் தங்கையைப் பாம்பனில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஐஸ் வியாபாரம். ஃபிட்ஸ்ராயைப் படித்த வருடம் ஐப்பசியில் அங்கே போயிருந்தபோது கூண்டைப் பார்க்க வேண்டும் என்றேன். துறைமுக ஆபீஸ் பக்கம் அழைத்துப் போனார். மரத்தில் ஏற்றியிருந்தார்கள். கறுப்பாக, கூடை முடைந்த மாதிரி, காற்று ஊடே புகுந்து போகும்படி இருந்தது. கொடிமரக் கயிறு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, கூண்டு மட்டும் பெரிதாக அசையவில்லை. பெரிய அண்டா அளவுகூட இருக்காது. இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

"மூணு ஏறுச்சுன்னா கடலுக்குப் போக டோக்கன் கிடையாது மச்சான். போட்டு போகாது, எனக்கு ஐஸ் போகாது" என்றார் மாப்பிள்ளை.

"நஷ்டம்தான?"

"நஷ்டந்தான். எங்கம்மா தனுஷ்கோடியில பொறந்தவுக. அறுபத்திநாலுல தப்பிச்சு வந்தவுக. கூண்டு ஏறுற அன்னைக்குக் கடையைச் சாத்துன்னு அவுகதான் முதல்ல சொல்லுவாக."

1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் அலை அப்படியே எடுத்துக்கொண்டது.

நம் துறைமுகங்களில் கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. முதல் இரண்டும் புயல் தொலைவில் இருப்பதற்கு, 8, 9, 10 மிகப் பெரிய ஆபத்துக்கு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்த பிறகு, 1865-ல் அந்தத் துறைமுகத்தில்தான் இந்தியாவின் முதல் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. பத்து வருடம் கழித்து இந்திய வானிலைத் துறை.

எச்சரிக்கையோடும் ஃபிட்ஸ்ராய் நிற்கவில்லை. புயல் இல்லாத நாளிலும், நாளைக்கு எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். 1861 ஆகஸ்ட் 1-ம் தேதி லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் அடுத்த இரண்டு நாளுக்கான முதல் முன்னறிவிப்பு வந்தது. வடக்கில் மிதமான மேற்குக் காற்று, நல்ல வானிலை. மேற்கில் மிதமான தென்மேற்குக் காற்று, நல்ல வானிலை. தெற்கில் சற்றே பலமான மேற்குக் காற்று, நல்ல வானிலை. இவ்வளவுதான். இதை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. நாடே படிக்கும் பத்திரிகையில், "நாளைக்கு" என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டார். நான் வேலியோரம் ஒரு பெரியவரிடம் சொல்லப் பயந்த சொல்.

இது ஆரூடமோ தீர்க்கதரிசனமோ இல்லை, அறிவியல் முறையில் கூட்டிக் கணக்கிட்டுச் சொல்லும் ஓர் அபிப்பிராயம் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். இதற்கு ஜோசியத்தின் வாடை அடிக்காத 'ஃபோர்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்து வானிலைக்கு வைத்தவரும் அவரே. யாரும் கேட்கவில்லை. சொன்னது பலித்த நாளை மறந்துவிட்டார்கள், தவறிய நாளைப் பிடித்துக்கொண்டார்கள். பாராளுமன்றத்தில் தந்திச் செலவைப் பற்றிக் கேள்வி. பத்திரிகையோ, தப்பினால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியது. இப்படிச் சொல்வதற்கு ஆதாரமான விதி எதுவும் கிடையாது என்று விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். அவர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அன்றைக்குக் கணக்கு அவ்வளவு தேறியிருக்கவில்லை. ஆனால் விதி முழுக்கத் தெரிந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்றால், அதுவரை கடலுக்குப் போகிறவன் என்ன செய்வான்? அவர் கேட்டது அதைத்தான்.

கூடவே இன்னொரு பாரமும் இருந்தது. பக்திமான். பரிணாமக் கொள்கைக்கு வழி செய்தது தன் கப்பல்தான் என்பது அவரை உள்ளே அரித்தது. 1860-ல் ஆக்ஸ்போர்டில் புயல்களைப் பற்றிக் கட்டுரை படிக்கப் போனவர், அங்கே நடந்த டார்வின் விவாதத்தில் பைபிளைத் தூக்கிப் பிடித்து எழுந்து நின்று மன்றாடினார். யாரும் மதிக்கவில்லை. 1863-ல் வைஸ் அட்மிரல் ஆனார், ஆனால் கைக்காசு கரைந்திருந்தது, காது கேட்பது குறைந்தது, தூக்கம் போனது. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 59 வயது. குடும்பத்துக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுன் கொடுத்தார்.

அவர் போன பிறகு ஒரு குழு உட்கார்ந்து, 1866-ல் முன்னறிவிப்பை நிறுத்தியது, கூண்டையும் நிறுத்தியது. அப்போதுதான் துறைமுகத்து ஜனங்கள் எழுந்தார்கள். எங்களுக்குக் கூண்டு வேண்டும் என்றார்கள். 1867 முடிவதற்குள் கூண்டு திரும்ப ஏறியது. பத்திரிகை முன்னறிவிப்பு வர 1879 ஆயிற்று. இதைக் கேட்க அவர் உயிரோடு இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. படித்தவர்கள் வேண்டாம் என்றார்கள், கடலில் நனைந்தவர்கள் வேண்டும் என்றார்கள். அவர் யாருக்காகச் செய்தாரோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2002-ல் பிரிட்டிஷ் வானொலியின் கடல் வானிலை அறிக்கையில் வரும் ஒரு கடல் பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் வைத்தார்கள். எக்ஸிடரில் இருக்கும் அவர்களுடைய வானிலைத் துறைத் தலைமையகம் ஃபிட்ஸ்ராய் சாலையில் இருக்கிறது. லண்டன் அப்பர் நார்வுட்டில் அவர் கல்லறையில், காற்று தெற்கே போய் வடக்கே திரும்பிச் சுழன்று வரும் என்கிற பிரசங்கி வசனத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு அந்தத் தாலுகா ஊருக்குப் போயிருந்தேன். பெரியவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறதாம். மகனைப் பார்த்தேன். வயலில் இப்போது பாதி மல்லிகை போட்டிருக்கிறார். அந்தத் தை மாதத்தைப் பற்றி நானாக எடுத்துச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. "அப்பா உங்களை ஒண்ணும் சொல்லலை சார். தெரியாத விசயத்துல வாயைக் கொடுத்துட்டாரு, பாவம்னாரு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போனை எடுத்து ஏதோ பார்த்தார். "நாளைக்குப் பூ எடுக்கலாமா சார்? மொட்டு நனைஞ்சா சந்தையில பாதி விலைதான்" என்றார்.

நானும் போனை எடுத்தேன். மேகப் படத்தைப் பார்த்தேன். கிழக்கே சிவகங்கைப் பக்கம் ஒரு திரட்டு இருந்தது, காற்று வடகிழக்கிலிருந்து.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாய்ப்பு இருக்கு. காலையில விடியறதுக்கு முந்தியே எடுத்துருங்க" என்றேன். "தப்பிப் போகவும் செய்யும். தப்பினா எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்று நம்பரைக் கொடுத்தேன்.